சந்தேகத்துக்குச் சாட்சி விற்ற தொழில்

1936 அக்டோபர் 27 அன்று, இங்கிலாந்தின் கிழக்கே உள்ள இப்ஸ்விச் நகர நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. மனுதாரர் வாலிஸ் சிம்ப்சன். கணவர் எர்னெஸ்ட் சிம்ப்சன் தேம்ஸ் கரையில் பிரே என்ற ஊரிலுள்ள ஓட்டலில் வேறொரு பெண்ணோடு தங்கினார் என்பது அவர் சொன்ன குற்றம். காலைச் சிற்றுண்டியை அறைக்கு எடுத்துப்போன ஓட்டல் பணியாளர்கள் கூண்டில் ஏறித் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். நீதிபதி மணமுறிவுக்கான முதல் ஆணையை வழங்கினார். அந்த நாளில் அமெரிக்கப் பத்திரிகை படிக்கும் எவருக்கும் அந்தத் திருமணம் ஏன் முறிகிறது என்று தெரியும். மனுதாரருக்கும் மன்னர் எட்டாம் எட்வர்டுக்கும் இருந்த உறவே காரணம். ஆறு வாரம் கழித்து அந்த மன்னர் முடியையே துறந்தார். ஆனால் நீதிமன்றப் பதிவேட்டில் திருமணத்தை மீறியவர் கணவர், பாதிக்கப்பட்டவர் மனைவி. சாட்சிகள் பொய் சொல்லவில்லை. ஓட்டல் உண்மை, அறை உண்மை, தட்டில் போன சிற்றுண்டியும் உண்மை. அத்தனை உண்மைகளும் சேர்ந்து, நடந்ததற்கு நேர் எதிரான ஒன்றை நிரூபித்தன.

தெரிந்த ஒருவர் டேட்டிங் செயலியில் இருக்கிறாரா என்று கண்டுபிடித்துத் தருகிறோம் என்று காசு வாங்கும் சேவைகள் இன்று பல இருக்கின்றன. பெயர், வயது, ஊர், வேண்டுமானால் ஒரு புகைப்படம் கொடுத்தால் போதும் என்கின்றன. இதைச் செல்பேசி கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள், ஏறத்தாழ 170 ஆண்டுப் பழமையான ஒரு தொழிலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் பார்க்கிறார்கள். கணவனை, மனைவியை, காதலரை வேவு பார்த்துத் தகவல் விற்கும் அந்தத் தொழிலின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: அது எந்தக் காலத்திலும் உண்மையை விற்கவில்லை, ஆதாரத்தை விற்றது. ஆதாரம் என்ன வடிவில் வேண்டும் என்பதை வாங்குபவரின் தேவையும் சட்டத்தின் தேவையும் தீர்மானித்தன. கருவி மாறிய ஒவ்வொரு முறையும், இனி பொய்க்கு இடமில்லை என்ற நம்பிக்கை பிறந்தது. ஒவ்வொரு முறையும் அது பொய்த்தது.

1857-க்கு முன்பு இங்கிலாந்தில் மறுமணம் செய்துகொள்ளும் உரிமையோடு விவாகரத்து பெற வேண்டுமானால், நாடாளுமன்றம் அந்த ஒரு தம்பதிக்காகவே தனிச் சட்டம் இயற்ற வேண்டும். ஒன்றரை நூற்றாண்டில் அப்படி முந்நூற்றுச் சொச்சம் சட்டங்கள்தான் இயற்றப்பட்டன. பெற்றவர்களில் பெண்கள் நான்கே பேர். மனைவியின் காதலனிடம் கணவன் நஷ்டஈடு கேட்கும் வழக்கும் அப்போது உண்டு. அந்த வழக்குகளில் சாட்சி சொன்னவர்கள் பெரும்பாலும் வீட்டு வேலைக்காரர்கள். படுக்கை விரிப்பைத் துவைத்தவள், விளக்கேற்றப் போனவன், குதிரை வண்டி ஓட்டியவன் ஆகியோர்தான் பிரபு வீட்டின் அந்தரங்கத்தை அறிந்தவர்கள். அவர்களுடைய சம்பளமும் அடுத்த வேலைக்கான நற்சான்றும் எஜமானரின் கையில் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. சாட்சி என்பது தொடக்கத்திலேயே சம்பளத்தோடு கட்டிப்போடப்பட்ட சரக்காக இருந்தது.

1857-இன் திருமண வழக்குகள் சட்டம் விவாகரத்தை நாடாளுமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. 1858 ஜனவரியில் லண்டனில் புதிய நீதிமன்றம் வேலையைத் தொடங்கியது. கணவன், மனைவி வேறொருவருடன் உறவு கொண்டாள் என்று மட்டும் நிரூபித்தால் போதும். மனைவியோ, கணவனின் முறைமீறலோடு கொடுமை, கைவிடுதல், இருதார மணம், இரத்த உறவில் கலப்பு போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டம் ஒரு சந்தையைத் திறந்துவிட்டது. ரகசியமாக நடப்பதற்குத் தவறாமல் சாட்சி வேண்டும் என்று சட்டம் கேட்டால், அந்தச் சாட்சியைத் தேடித் தருபவருக்குப் பிழைப்பு உண்டு. லண்டன் காவல்துறையின் துப்பறியும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவரும், சார்லஸ் டிக்கன்ஸின் கட்டுரை வழியாகப் புகழ் பெற்றவருமான சார்லஸ் ஃபிரெடரிக் ஃபீல்டு, தனியார் விசாரணை அலுவலகம் வைத்திருந்தார். புதிய நீதிமன்றத்தின் ஆரம்ப வழக்குகளில் ஒன்றில், கணவனின் சார்பில் அவர் அமர்த்தப்பட்டு, மனைவி தங்கியிருந்த வீட்டுக் கதவில் துளை போட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தது வெளியே வந்தது. ஹங்கேரியிலிருந்து வந்த இக்னேஷியஸ் பொலாக்கி பேடிங்டன் கிரீனில் அலுவலகம் போட்டு, டைம்ஸ் நாளிதழில் விளம்பரம் செய்து, மேடைப் பாட்டில் பெயர் வரும் அளவுக்குப் பிரபலமானார். அதே காலத்தில் அமெரிக்காவில் ஆலன் பிங்கர்ட்டன் தன் நிறுவனத்துக்கு விதி எழுதியபோது, விவாகரத்து வழக்குகளை ஏற்பதில்லை என்று அதில் சேர்த்தார். ரயில் கொள்ளையரைத் துரத்தவும் தொழிற்சங்கங்களுக்குள் ஒற்றர்களை அனுப்பவும் தயங்காத ஒரு நிறுவனம் இந்த வேலையை மட்டும் விலக்கி வைத்தது என்றால், அந்தத் தொழிலுக்கு உள்ளேயே அதைப் பற்றி இருந்த எண்ணம் என்னவென்று தெரிகிறது.

அந்த முதல் ஆண்டின் வழக்குகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ராபின்சன் வழக்கு. ஹென்றி ராபின்சன் என்ற பொறியாளரின் மனைவி இசபெல்லா, நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். 1856-இல் அவர் காய்ச்சலில் கிடந்தபோது கணவர் அந்த நாட்குறிப்பைப் படித்தார். நீர்ச் சிகிச்சை நிலையம் நடத்திய எட்வர்டு லேன் என்ற மருத்துவர் மீது இசபெல்லாவுக்கு இருந்த ஏக்கமும், அவரோடு கழிந்த பொழுதுகளும் அதில் விரிவாக எழுதப்பட்டிருந்தன. இதைவிட நேரடியான ஆதாரம் வேறு எந்தக் கணவனுக்குக் கிடைக்கும்? குற்றம் சாட்டப்பட்டவளே தன் கையால் எழுதியது அது. ஆனால் 1859-இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. எழுதியது நடந்ததா, நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதா என்று அந்த எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. லேனைக் காப்பாற்ற வேண்டிய நிலையில், இசபெல்லாவின் மனநிலையே சரியில்லை, எல்லாம் கருப்பை நோயால் வந்த கற்பனை என்று அவருடைய தரப்பே வாதாட வேண்டியிருந்தது. வழக்கில் தோற்றவர் கணவர் என்றாலும் அழிந்தது இசபெல்லாவின் மானம்தான். நாட்குறிப்பின் பகுதிகள் பத்திரிகைகளில் வரிவரியாக அச்சாகி, காலை உணவு மேசைகளில் வாசிக்கப்பட்டன. நிரூபிக்க முடியாத ஒன்றைத் தேடிய தேடல், தேடப்பட்டவரின் அந்தரங்கத்தை நிரந்தரமாக ஊர் முன்னால் வைத்துவிட்டது.

தேவை அதிகமானபோது தட்டுப்பாட்டைப் போக்கும் வழிகளும் பிறந்தன. 1860-இலேயே அரசு இதை உணர்ந்தது. விவாகரத்தை உடனே இறுதியாக்காமல் இடைக்காலம் வைத்து, குயின்ஸ் பிராக்டர் என்ற அரசு அலுவலர் அதற்குள் புகுந்து ஆராய அனுமதிக்கும் சட்டம் வந்தது. இரு தரப்பும் பேசி வைத்துக்கொண்டு நீதிமன்றத்தை ஏமாற்றுகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. அதாவது தம்பதியரை வேவு பார்ப்பவர்களை வேவு பார்க்க இன்னொரு அலுவலகம். 1885-இல் லண்டனில் தொடங்கிய ஸ்லேட்டர் துப்பறியும் நிறுவனம், பெண் துப்பறிவாளர்கள், மிதிவண்டியில் பின்தொடர்பவர்கள் என்றெல்லாம் விளம்பரம் செய்து வளர்ந்தது. 1904-இல் அதன் ஆட்கள் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் சதிக் குற்றச்சாட்டோடு நிறுத்தப்பட்டார்கள். ஒரு மனைவிக்கு விவாகரத்து வாங்கித் தருவதற்காக, கணவனுக்குக் குடிக்கக் கொடுத்து, பெண்ணை ஏற்பாடு செய்து, பிறகு அதையே கண்டுபிடித்ததாக அறிக்கை கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். ஆதாரம் கிடைக்காவிட்டால் கூலி கிடைக்காது என்ற நிலையில், ஆதாரத்தைத் தேடுவதற்கும் விளைவிப்பதற்கும் இடையே இருக்கும் வேலி மிகவும் தாழ்வானது.

1923-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டம் ஒன்றானது. மனைவியும் கணவனின் முறைமீறலை மட்டும் நிரூபித்தால் போதும் என்றானது. பெண்களுக்கு இது நியாயமாகக் கிடைத்த உரிமை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காரணம் ஒன்றுதான் என்ற நிலை மாறவில்லை. மனமொத்துப் பிரிய நினைத்த தம்பதியருக்கும் சட்டம் ஒரு குற்றவாளியைக் கேட்டது. அதனால் பண்புள்ள கணவன் பழியைத் தானே ஏற்பது என்பது நடைமுறையாயிற்று. பிரைட்டன் கடற்கரை ஓட்டல் ஒன்றில் அறை எடுப்பார். கூலிக்கு வந்த பெண் ஒருத்தி உடன் தங்குவாள். இரவெல்லாம் சீட்டாடிவிட்டு, காலையில் தேநீர் வரும் நேரத்துக்கு இருவரும் படுக்கையில் அமர்ந்திருப்பார்கள். ஓட்டல் ரசீது மனைவிக்குப் போய்ச் சேரும். துப்பறிவாளர் ஓட்டலுக்குப் போய்ப் பணிப்பெண்ணிடம் புகைப்படத்தைக் காட்டி அடையாளம் கேட்பார். அடுத்த கட்டம் நீதிமன்றம். ஏ. பி. ஹெர்பர்ட் 1934-இல் எழுதிய 'ஹோலி டெட்லாக்' நாவல் இந்தக் கூத்தை நாட்டுக்கே எடுத்துச் சொன்னது. மறு ஆண்டு அவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்று, 1937-இல் கொடுமை, மூன்றாண்டுக் கைவிடல், தீராத மனநோய் ஆகியவற்றையும் காரணங்களாகச் சேர்க்கும் சட்டத்தை நிறைவேற்றிக் காட்டினார். நியூயார்க் மாநிலம் 1966 வரை ஒற்றைக் காரணத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே படுக்கையறையில் புகைப்படக்காரர் திடீரென்று நுழைவதும், அடையாளம் தெரியாத ஒரு பொன்முடிப் பெண் மீண்டும் மீண்டும் வழக்குகளில் வருவதும் கிட்டத்தட்ட ஒரு தொழிற்பிரிவாகவே நடந்தன.

இந்த ஏற்பாடு நம் ஊருக்கும் கப்பலேறி வந்தது. 1869-இன் இந்திய விவாகரத்துச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கானது. லண்டன் விவாகரத்து நீதிமன்றத்தின் கொள்கைகளையே இந்திய நீதிமன்றங்கள் பின்பற்ற வேண்டும் என்று அதன் ஏழாம் பிரிவு வெளிப்படையாகச் சொன்னது. மனைவி இரட்டைக் குற்றம் நிரூபிக்க வேண்டும் என்ற விதியும் அப்படியே வந்தது. இங்கிலாந்து 1923-இல் கைவிட்ட அந்த விதி, பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் வாழ்ந்த கிறிஸ்தவப் பெண்களை 2001 வரை கட்டிப்போட்டிருந்தது. கணவனுக்கு வேறு தொடர்பு இருப்பது ஊரே அறிந்ததாக இருந்தாலும் போதாது, கூடவே கொடுமையையோ கைவிடுதலையோ காட்ட வேண்டும். இந்துத் திருமணச் சட்டத்தில் வேறொரு மாற்றம் நடந்தது. 1955-இல் அது எழுதப்பட்டபோது, துணைவர் முறையற்ற உறவில் தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தால்தான் விவாகரத்து. 1976 திருத்தம், தன்னிச்சையான ஒரே ஒரு உறவுச் செயல்கூடப் போதும் என்றாக்கியது. சட்டம் தொடர் வாழ்க்கையைக் கேட்டபோது அக்கம்பக்கத்தார் சாட்சி போதுமானதாக இருந்தது. ஒற்றைச் செயலைக் கேட்கத் தொடங்கியதும் லாட்ஜ் பதிவேடும், பிற்பாடு செல்பேசியும் முக்கியமாயின.

இந்த வரலாற்றைக் காட்டித் தேடுவதே தவறு என்று சொல்ல வருகிறேனா என்று ஒருவர் கேட்கலாம். ஏமாற்றப்படுகிறவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா? இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மனைவியர் பலர் கணவன் வழியாக மேகநோயை வாங்கிக்கொண்டு, மருத்துவரும் கணவனும் சேர்ந்து மறைத்ததால் நோயின் பெயர்கூடத் தெரியாமல் இறந்தார்கள். சொத்து, குழந்தை, உடல்நலம் எல்லாம் ஒரு மனிதனின் நாணயத்தில் தொங்கும்போது, அந்த நாணயத்தைச் சோதிக்க விரும்புவது பேராசையல்ல, தற்காப்பு. நம் ஊரில் பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றி வேலை பார்க்கும் இடத்திலும் தெருவிலும் விசாரிப்பதும் இதே தற்காப்புதான். ஆனால் அந்த விசாரிப்புக்கும் நான் பேசும் தொழிலுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. விசாரிப்பார்கள் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும்; கேட்பவர் யார் என்பதும் மறைவாக இருப்பதில்லை; சொன்னவரிடம் திரும்பப் போய் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவும் முடியும். காசுக்கு வேவு பார்க்கும் தொழிலில் இந்த மூன்றும் இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தத் தொழில் யாருக்குத் தற்காப்பு மிகவும் தேவையோ அவர்களுக்கு உதவியதே அரிது. ஃபீல்டையும் பொலாக்கியையும் அமர்த்தக் கூடியவர்கள் காசுள்ளவர்கள், அவர்களில் பெரும்பாலோர் கணவர்கள். லங்காஷயர் ஆலைத் தொழிலாளியின் மனைவிக்குத் துப்பறிவாளரும் கிடைக்கவில்லை, லண்டன் வரை போய் வழக்காடவும் வழியில்லை.

1969-இல் இங்கிலாந்து, திருமணம் சீர்செய்ய முடியாதபடி முறிந்ததே விவாகரத்துக்கு அடிப்படை என்று ஏற்றது. முறைமீறல் அதைக் காட்டும் வழிகளில் ஒன்றாக மட்டும் நின்றது. இரண்டாண்டு பிரிந்திருந்து இருவரும் சம்மதித்தால் அதுவும் வழி. 2022 ஏப்ரலிலிருந்து குற்றம் சொல்ல வேண்டிய தேவையே அங்கே இல்லை. சட்டம் கேட்பதை நிறுத்தியதும் தொழில் மடிந்திருக்க வேண்டும். மடியவில்லை. நூறாண்டுக்கு மேல் சட்டம் கற்றுக்கொடுத்த பழக்கம் மனிதர்களுக்குள் தங்கிவிட்டது. சந்தேகம் வந்தால் பேசுவதற்கு முன் ஆதாரம் சேர்க்க வேண்டும், எதிரில் இருப்பவர் மறுக்க முடியாதபடி மடக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் தேவை. அதுவே உறவின் தேவையாக உருமாறியது. 1995-இல் மேட்ச் டாட் காம், 2009-இல் கிரைண்டர், 2012-இல் டிண்டர் என்று துணை தேடும் இடம் திரைக்குள் போனபோது, ஓட்டல் பணிப்பெண்ணின் இடத்தைத் தரவுத்தளம் பிடித்தது. 2016-இல் ஸ்வைப்பஸ்டர் என்ற தளம், முதல் பெயர், வயது, பாலினம், இருக்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால் டிண்டரில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று காட்டியது. மூன்று தேடலுக்கு 4.99 டாலர். பொலாக்கி கேட்ட கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. தேடுவது பணக்காரரின் வசதியாக இருந்த காலம் முடிந்தது என்பது உண்மை.

இங்கேதான் அடுத்த மறுப்பு வருகிறது. இன்று மிகவும் வலுவாகச் சொல்லப்படுவதும் இதுதான். வேலைக்காரி கூலிக்குப் பொய் சொல்லலாம், ஸ்லேட்டரின் ஆட்கள் நாடகம் போடலாம், ஆனால் கணினிப் பதிவு பொய் சொல்லாது; பெயர் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இதற்கு 2015-இல் நடந்ததே விடை. திருமணமானவர்கள் ரகசியத் தொடர்பு தேடுவதற்கென்றே நடந்த ஆஷ்லி மேடிசன் என்ற தளம் கனடாவில் டொராண்டோவிலிருந்து இயங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் அதன் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், ஆகஸ்டில் சுமார் 3.7 கோடி கணக்குகளின் விவரத்தை இணையத்தில் கொட்டினார்கள். மின்னஞ்சலைப் போட்டுத் தேடும் பக்கங்கள் உடனே முளைத்தன. சிட்னியில் ஒரு வானொலி நிகழ்ச்சியில், தொலைபேசியில் அழைத்த மனைவியிடம் உன் கணவன் பட்டியலில் இருக்கிறான் என்று நேரலையிலேயே சொன்னார்கள். நியூ ஆர்லியன்ஸில் இறையியல் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பெயர் வெளியான சில நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனால் அந்தப் பட்டியல் எதை நிரூபித்தது? கணக்குத் தொடங்குபவர் கொடுக்கும் மின்னஞ்சல் அவருடையதுதானா என்று அந்தத் தளம் சரிபார்க்கவே இல்லை. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் டோனி பிளேர் பெயரிலான முகவரியும் அதில் இருந்தது. எவருடைய முகவரியையும் எவரும் போட்டிருக்கலாம். அதற்கும் மேலாக, ஆண்களோடு அரட்டை அடித்த பெண் கணக்குகளில் ஏராளமானவை நிறுவனமே உருவாக்கிய தானியங்கி நிரல்கள். பட்டியலில் உண்மையாகவே சேர்ந்திருந்த ஆண்களில் மிகப் பலர் எந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு நிரலோடு பேசக் காசு கட்டியிருந்தார்கள். விவரத்தை முழுவதும் அழிக்க 19 டாலர் வாங்கிய நிறுவனம், அழிக்காமலும் வைத்திருந்தது. பிரைட்டன் ஓட்டலில் கூலிக்கு வந்த பெண்ணாவது மனுஷி.

தப்பு செய்யாதவர்களும் சிக்கினார்கள் என்பதல்ல என் முழு வாதமும். ஆசைப்பட்டுத்தானே சேர்ந்தார்கள், அந்த ஆசையே துரோகம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும், அது அந்தந்த உறவுக்குள் பேசி முடிக்க வேண்டிய கேள்வி. ஆனால் ராபின்சன் வழக்கு 1859-இல் முட்டி நின்ற இடமும் இதுவே என்பதைப் பார்க்க வேண்டும். ஆசையின் பதிவையும் செயலின் பதிவையும் பிரித்துப் பார்க்க வழியில்லாதபோது, படிப்பவர் தன் பயத்தைக் கொண்டு இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார். டிண்டர் செயலியைச் செல்பேசியிலிருந்து நீக்கினால் கணக்கு அழிவதில்லை. அதைத் தனியாக அழிக்க வேண்டும். திருமணத்துக்கு முன் தொடங்கி மறந்துபோன கணக்கு, திருமணத்துக்குப் பின் தேடுபவர் கண்ணில் படலாம். ஒருவருடைய படத்தை எடுத்து இன்னொருவர் போலிக் கணக்கு வைத்திருக்கலாம். சென்னை போன்ற மாநகரில் 'கார்த்திக், 31' என்று தேடினால் எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தேடலின் முடிவு ஆம் என்றாலும் அது சாட்சியல்ல. இல்லை என்றாலும் நிம்மதி தராது. வேறு செயலியில் இருக்கலாம், வேறு பெயரில் இருக்கலாம் என்று மனம் சொல்லும். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் அடுத்த படி இன்னொரு தேடல் என்று ஆகிவிடும் தொழிலுக்கு வாடிக்கையாளர் குறைவதே இல்லை.

தரவைக் கையாளுபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருடுபோன தகவல்களில் தன் மின்னஞ்சல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் தளம் ஒன்றை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டிராய் ஹண்ட் நடத்துகிறார். ஆஷ்லி மேடிசன் தரவு கைக்கு வந்தபோது, அதைப் பொதுத் தேடலில் வைக்க அவர் மறுத்தார். தன் முகவரியைத் தானே உறுதிசெய்தவர் மட்டும் தன்னைப் பற்றிப் பார்த்துக்கொள்ளலாம். மற்றவரைப் பற்றிப் பார்க்க முடியாது. 1857-லிருந்து இந்தத் தொழிலைத் தொட்டவர்களில் இந்தக் கோட்டைப் போட்டவர்கள் மிகச் சிலர் என்பதால் அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2025 ஜூலையில் நடந்ததை வைக்கலாம். தாங்கள் பழகும் ஆண்களைப் பற்றிப் பெண்கள் தங்களுக்குள் எச்சரிக்கை பரிமாறிக்கொள்வதற்காக அமெரிக்காவில் உருவான 'டீ' என்ற செயலியிலிருந்து 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் 13,000 அளவில், தாங்கள் பெண்கள்தான் என்று நிரூபிக்க உறுப்பினர்கள் கொடுத்த முகப்படங்களும் அடையாள அட்டைகளும். அந்தப் பெண்களின் நோக்கம் நியாயமானது, வன்முறையாளனைப் பற்றி முன்கூட்டித் தெரிந்துகொள்வது. ஆனாலும் பாதுகாப்புத் தேடி வந்தவர்களின் முகமே வெளியே விழுந்தது. அதற்கு முன்பே, தற்பாலீர்ப்பாளர்கள் பயன்படுத்தும் கிரைண்டர் செயலியின் பயனர் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக நார்வே 2021-இல் அந்த நிறுவனத்துக்கு 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது. தற்பாலீர்ப்பு குற்றமாக்கப்பட்ட நாடுகளில், ஒருவர் அந்தச் செயலியில் இருக்கிறார் என்று தெரிவதே சிறைக்கும் அடிக்கும் போதுமானது. எகிப்தில் காவல்துறை போலிக் கணக்குகளால் ஆட்களை வரவழைத்துப் பிடித்திருக்கிறது. கணவனைத் தேடும் மனைவிக்குத் திறந்துவிடும் கதவு அவளுக்கு மட்டும் திறப்பதில்லை.

நம் நாட்டுக்குத் திரும்பினால், சட்டம் இரு பக்கமும் இழுபடுகிறது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பரில் திருமணம் தாண்டிய உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு நீக்கப்பட்டது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு வழக்கு. பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்ட கணவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய அழைப்பு விவரங்களை ஆதாரமாகக் கொடுத்திருந்தார். அந்தரங்க உரிமை தம்பதியருக்கு இடையிலும் உண்டு, அதை மீறி எடுத்ததை ஏற்க முடியாது என்று நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அடுத்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், துணைவரின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் அதை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்றது. இதனால் வேவு பார்ப்பது பெருகும் என்ற வாதத்துக்கு, வேவு பார்க்கும் நிலைக்கு வந்ததே அந்தத் திருமணம் முறிந்ததன் அடையாளம் என்று நீதிபதிகள் பதில் சொன்னார்கள். அந்தக் கூற்றோடு எனக்கு உடன்பாடு. ஆனால் முறிவின் அடையாளம் அதுவே என்றால், அந்த முறிவையே காரணமாக ஏற்றுக்கொண்டு பதிவைக் கேட்காமல் விடலாமே. அதற்கு இடம் தரும் சட்டத் திருத்தம் 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. சீர்செய்ய முடியாத முறிவை வைத்துத் திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவைக் காட்டிச் சொன்னது. அந்த அதிகாரம் டெல்லியில் மட்டும் இருக்கிறது. மதுரையிலோ கோவையிலோ குடும்ப நீதிமன்றத்தின் படியேறுபவர் எதிர்த் தரப்பின் சம்மதத்தோடு வர வேண்டும், இல்லையென்றால் குற்றத்துக்கான ஆதாரத்தோடு வர வேண்டும். தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-இல் கொண்டுவந்த மசோதாவும் சட்டமாகவில்லை. எனவே அந்த ஆதாரத்தை எவர், எந்த வழியில், எவ்வளவு காசுக்குச் சேகரித்துக் கொடுக்கலாம் என்று சொல்லும் தனி விதி எதுவும் இங்கே இல்லை.